அம்பாசடர் ஏன் கொதித்தது? – ஒரு வாட்டர் பம்ப்பின் கதை

1888 ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, தன் இரண்டு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். சுமார் 100 கிலோமீட்டர். உலகின் முதல் நீண்ட கார் பயணம் இதுதான். வழியில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார் என்பது எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. அதிகம் பேசப்படாத விஷயம், அவர் வழியெல்லாம் தண்ணீர் தேடிக்கொண்டே போனார் என்பது. அந்த வண்டியின் இன்ஜின், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக வெளியே விட்டுத்தான் தன்னைக் குளிரவைத்துக்கொண்டது. போன தண்ணீரை மறுபடி மறுபடி ஊற்றியாக வேண்டும்.

இப்போது தஞ்சாவூருக்கு வருவோம். 1970களில் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில், சித்திரை வெயிலில், ஒரு அம்பாசடர் பானெட்டைத் திறந்துகொண்டு புளியமரத்து நிழலில் நிற்கும். உள்ளே இருந்து ஆவி வரும். டிரைவர் பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கேட்பார். அந்தக் காலத்தை அறிந்தவர்கள் எல்லோருக்கும் பழக்கமான காட்சி இது.

பெர்த்தா பென்ஸ் போய் 80 வருடம் கழித்தும் கார் ஏன் தண்ணீர் கேட்டது? அதற்கு இன்ஜின் மட்டும் காரணமில்லை. இறக்குமதிக் கொள்கை, மேட்டூர் அணை, நிலத்தடி நீர், ரேடியேட்டர் மூடி என்று பல விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்த கதை அது.

தண்ணீர் எதற்கு?

முதலில் அடிப்படை. பெட்ரோல் எரியும்போது வருகிற வெப்பத்தில் கிட்டத்தட்ட கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடும். இன்னொரு மூன்றில் ஒரு பங்கை யாராவது வெளியே கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். அந்தச் சுமைகூலி வேலையைச் செய்வதுதான் தண்ணீர். இன்ஜினுக்குள் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டருக்கு வந்து காற்றில் இறக்கிவைத்துவிட்டு, மறுபடி உள்ளே போகும்.

ரேடியேட்டரை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1901-ல் வந்த மெர்சிடஸ் 35 எச்.பி. காரில் அவர் 8,070 சின்னஞ்சிறு குழாய்களைச் சேர்த்துத் தேன்கூடு போல ஒன்றைச் செய்தார். குறைந்த தண்ணீரில் அதிக வெப்பத்தை வெளியேற்ற முடிந்தது.

வாட்டர் பம்ப் இல்லாமலும் கார்கள் ஓடியிருக்கின்றன. ஃபோர்டு மாடல் டி 1908-ல் வந்தபோது முதல் 2,500 கார்களில் பம்ப் இருந்தது. பிறகு ஃபோர்டு அதைத் தூக்கிவிட்டது! சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். இந்த இயற்கை விதியே போதும் என்று விட்டுவிட்டார்கள். இதற்குத் தெர்மோசைஃபன் என்று பெயர். 1927 வரை தயாரான சுமார் ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களில் பெரும்பான்மை இப்படித்தான் ஓடின. இங்கிலாந்தின் ஆஸ்டின் செவனும் அப்படியே. ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. தண்ணீர் மட்டம் மேல் ஹோஸுக்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சி அப்படியே நின்றுவிடும். இன்ஜினின் சக்தி கூடக் கூட இந்த மெதுவான ஓட்டம் போதவில்லை. பம்ப் திரும்பி வந்தது.

இங்கிலாந்தில் பிறந்தது

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் பி.எம். பிர்லாவால் தொடங்கப்பட்டது. குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் ஆரம்பித்து, 1948-ல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவுக்கு மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் கார்களைத்தான் இங்கே வேறு பெயரில் செய்தார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 2, இங்கே லேண்ட்மாஸ்டர் ஆனது. சீரீஸ் 3, 1950களின் கடைசியில் அம்பாசடர் ஆனது. 1959-ல் அதற்கு 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் இன்ஜின் கிடைத்தது. பி.எம்.சி. நிறுவனத்தின் பி சீரீஸ் என்று சொல்வார்கள்.

இந்த இன்ஜின் நல்ல இன்ஜின்தான். வார்ப்பிரும்பால் ஆனது, முரட்டுத்தனமாக உழைக்கும். ஆனால் அது பிறந்த ஊரில் கோடைக்காலம் என்றாலே 25 டிகிரிதான். தஞ்சை டெல்டாவில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும். வெளிக்காற்று எவ்வளவு சூடோ, ரேடியேட்டர் அவ்வளவு திணறும். போதாக்குறைக்கு நம் ஊர்ப் பயன்பாடு! ஐந்து பேருக்கான காரில் கல்யாணக் கோஷ்டி எட்டு பேர், டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரம், மேலே கேரியரில் பெட்டிகள். மாட்டுவண்டிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே கிடைக்காது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும்.

வேறு கார் வாங்கலாமே? முடியாது. உள்நாட்டில் முழுமையாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1953-ல் அரசு முடிவெடுத்தபின் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுப் போய்விட்டன. மிஞ்சியவை முக்கியமாக மூன்று: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர் (ஃபியட்), சென்னையில் ஸ்டாண்டர்ட். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போட்டி இல்லாத சந்தையில் கம்பெனிக்கு மாற்றம் செய்ய அவசரம் ஏது? அடிப்படை வடிவம் மாறாமல் ஐம்பது வருடத்துக்கும் மேல் அதே கார் வந்துகொண்டிருந்தது.

ஆனால் இதில் ஒரு நன்மையும் இருந்தது. 1965 மாடலைப் பழுது பார்க்கக் கற்றவர் 1985 மாடலையும் பார்க்கலாம். ஒரே காரை ஊரே படித்தது.

ஆறு காயும் மாதங்கள்

டெல்டாவில் தண்ணீருக்கா பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, வடவாறு என்று அடிக்கொரு ஆறு இருக்கும் பூமி. ஆனால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். 1934-ல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்தபின், பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமானது. அதாவது பிப்ரவரி முதல் ஜூன் வரை ஆறும் வாய்க்காலும் மணலாகக் கிடக்கும். கார் கொதிக்கும் மாதங்களும் அதே மாதங்கள்தான்! சாலையோரத்திலேயே வாய்க்கால் ஓடும், ஆனால் கார் கேட்கும் நேரத்தில் அதில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. டிக்கியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீர் வைத்திருக்கும் டெல்டா டிரைவர்களின் பழக்கத்துக்கு இதுதான் காரணம்.

கிடைக்கும் தண்ணீரும் ஒரே மாதிரி இல்லை. புது வெள்ளம் வரும்போது வாய்க்கால் தண்ணீரில் வண்டல் இருக்கும். நெல்லுக்கு அது உரம், ரேடியேட்டர் குழாய்க்கு அது அடைப்பு. குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால், அது கொதிக்கக் கொதிக்க இன்ஜின் உள்சுவரில் படியும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படியுமே, அதேதான். கிழக்கே கடலோரம் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் உப்பு. இரும்பு இன்ஜின், பித்தளை ரேடியேட்டர், ஈயப் பற்று என்று பல உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனையும்போது, உப்புநீர் அதைக் கிட்டத்தட்ட ஒரு பேட்டரி மாதிரி ஆக்கிவிடும். அரிப்பு வேகமாக நடக்கும். வாட்டர் பம்ப்பின் உள்ளே சுற்றும் இறக்கைகள் துருவில் கரைந்து மெலிந்துபோகும். பம்ப் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், சுற்றவும் செய்யும். ஆனால் தண்ணீரைத் தள்ளாது.

கைதான் மீட்டர்

சரி, கார் சூடாகிறது. குற்றவாளி யார்? இங்கேதான் டெல்டாவின் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு முறையை வைத்திருந்தார்கள். எளிதில் பார்க்கக்கூடியதை முதலில் பார், செலவு வைப்பதைக் கடைசியில் பார். இதுதான் முறை.

முதலில் சிவப்பு விளக்கு. அம்பாசடரில் ஒரே ஃபேன் பெல்ட்தான் டைனமோவையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. ஃபேன் இருப்பதும் பம்ப்பின் தண்டிலேயே. எனவே ஓடும்போது டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரிந்து, கூடவே சூடும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது என்று பானெட்டைத் திறக்காமலே சொல்லிவிடலாம். சூடு மட்டும் ஏறி விளக்கு எரியவில்லை என்றால் நோய் வேறு இடத்தில்.

அடுத்து பொறுமை. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஆறாத இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிப்பு விடும். ஒரு குடம் தண்ணீர் ஒரு இன்ஜினைக் காப்பாற்றவும் செய்யும், கொல்லவும் செய்யும். ஆங்கிலப் புத்தகங்கள் "ஹீட்டரைப் போட்டு வெப்பத்தை வெளியேற்று" என்று யோசனை சொல்லும். நம் ஊர் அம்பாசடர்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது!

மூன்றாவது, பம்ப். இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. ஓடும்போது "கொர கொர" என்ற சத்தம் வந்தாலும் அதேதான். பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரவேண்டும் என்பதற்காகவே வைத்தது. அங்கே ஈரமோ துருக்கறையோ தெரிந்தால் பம்ப் "நாள் குறித்துவிட்டது" என்று அர்த்தம். விவரம் தெரியாதவர்கள் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பார்கள். பிறகு தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பேரிங் உடைந்தால் ஃபேன் பறந்து ரேடியேட்டரைக் கிழிக்கும். நூறு ரூபாய் வேலை ஆயிரம் ரூபாய் வேலையாகும்.

நான்காவது, ஹோஸ். மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் தொட முடிகிற அளவுக்கு இருக்கிறது, இன்ஜின் மட்டும் சூடு ஏறிக்கொண்டே போகிறது என்றால் ஓட்டம் குறைவு. ரேடியேட்டர் அடைப்பு அல்லது பம்ப் தள்ளவில்லை. இரண்டு ஹோஸும் ஆறிக் கிடக்க இன்ஜின் மட்டும் கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். ரேடியேட்டர் முகத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தால் சில இடங்கள் குளிர்ந்திருக்கும். அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. கழற்றி ராட் விட்டுச் சுத்தம் செய்து ஈயம் பற்றவைக்க வேண்டியதுதான்.

கடைசியில்தான் பயங்கரமான கேள்வி: ஹெட் கேஸ்கெட். மூடியைத் திறந்து வைத்து, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறதா? ஆயில் கம்பியில் பால் கலந்த டீ மாதிரி ஆயில் வருகிறதா? இரண்டும் இருந்தால் ஹெட்டைக் கழற்றாமல் முடியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. வெயிலில் கார் திடீரென நின்றுவிடும். எல்லோரும் ரேடியேட்டரைப் பார்ப்பார்கள். ஆனால் மீட்டர் சரியாக இருக்கும். உண்மையில் பெட்ரோல் பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும். இதற்கு வைத்தியம் ஒரு ஈரத் துணி. பெட்ரோல் பம்ப் மேல் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்தால் கார் கிளம்பிவிடும். நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்றால் ரேடியேட்டரில் எத்தனை குடம் ஊற்றியும் பயனில்லை.

வயலில் கற்ற பாடம்

டெல்டாக்காரர்கள் இதையெல்லாம் சீக்கிரம் கற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் சொல்லலாம். 1960-61-ல் பேக்கேஜ் திட்டம் என்று அழைக்கப்பட்ட தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஆற்றுப் பாசனத்தோடு ஃபில்டர் பாயிண்ட் குழாய்க் கிணறுகளும் டீசல் இன்ஜின் பம்ப்செட்டுகளும் பரவின. வாட்டர் பம்ப் என்ன செய்கிறதோ அதையே பெரிதாகச் செய்வதுதான் வயல் பம்ப்செட். இரண்டிலும் சுற்றும் இறக்கை தண்ணீரை வெளிப்பக்கம் வீசித் தள்ளும். உள்ளே காற்று புகுந்தால் இரண்டுமே தண்ணீரை விட்டுவிட்டு வெறுமனே சுற்றும். பம்ப்செட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றத் தெரிந்தவருக்கு, ரேடியேட்டர் நிரப்பும்போது உள்ளே காற்று தங்கினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு இடத்தில் வயல் பாடம் காருக்குப் பொருந்தாது. பம்ப்செட்டின் தண்டு வெளியே வரும் இடத்தில் கயிறு திணித்திருப்பார்கள். அங்கே கொஞ்சம் சொட்டினால்தான் கயிறு கருகாது. 1920களின் கார் பம்ப்புகளிலும் அப்படித்தான். அம்பாசடர் காலத்து பம்ப்பில் கார்பன் சீல் வந்துவிட்டது. அது சொட்டக்கூடாது. "கொஞ்சம் சொட்டினால் பரவாயில்லை" என்று வயல் வழக்கத்தில் விட்டவர்கள்தான் நடுவழியில் நின்றார்கள்.

மஞ்சள் தூளும் மூடியும்

ரேடியேட்டரில் ஊசி ஓட்டை விழுந்தால் ஒரு பிடி மஞ்சள் தூள் போடுவது இந்தியா முழுவதும் இருந்த வைத்தியம். தூள் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஊர் போய்ச் சேர அது போதும். ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது! அடுத்த மாதம் நல்ல குழாய்களும் அடைத்திருக்கும். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவதும் இதே ரகம். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று பல கடைகளில் எடுத்துவிடுவார்கள். ஆனால் இன்ஜின் அதற்குரிய சூட்டை எட்ட வெகுநேரம் ஆகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

உண்மையில் பெரிய வேலை செய்வது அந்தச் சின்ன மூடி. அதிலுள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரிக்கு மேல் உயரும். 7 பவுண்டு மூடி போட்டால் தண்ணீர் 100-க்குப் பதில் 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து போனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போச்சு. பம்ப்பை மாற்றி, ரேடியேட்டரை மாற்றி, கடைசியில் மூடிதான் காரணம் என்று கண்டுபிடித்தவர்கள் ஏராளம்.

இந்த மூடிக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு அத்தியாயமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் ஃபாஸனர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் வைத்திருந்த ரேடியேட்டர் மூடித் தயாரிப்புப் பிரிவை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அமெரிக்க கார்களுக்கே இங்கிருந்து மூடி போனது. இங்கிலாந்து இன்ஜினின் சூட்டோடு மல்லுக்கட்டிய மாநிலம், உலகத்துக்கு மூடி செய்துகொடுத்தது!

மாறிய காலம்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடியது. சூடு ஏறினால் தானாகச் சுற்றும், கார் மெதுவாகப் போனாலும் முழு வேகத்தில் சுற்றும். கூலண்ட் பழக்கமும் மெல்லப் பரவியது. துருவைத் தடுக்கும் மருந்து கலந்த அந்தத் திரவம் வந்தபின், வாய்க்கால் தண்ணீர் காருக்குள் போவது குறைந்தது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பிரான்ஸின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

இதில் லாப நஷ்டக் கணக்கு ஒன்று இருக்கிறது. அம்பாசடரை வடிவமைத்தவர்கள் நம் வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை. தயாரித்தவர்களுக்குப் போட்டி இல்லாததால் அதை அவசரமாகத் திருத்தும் கட்டாயம் இல்லை. அந்தக் குறையின் செலவு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வரவில்லை. அதை ஈடுகட்டியது டாக்சி டிரைவர்களின் நேரமும், பட்டறைக்காரர்களின் சுட்ட விரல்களும்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற கார் வழியில் நின்றால் கெட்டபெயர் டிரைவருக்குத்தான் வந்தது, உத்தர்பாராவுக்கு வரவில்லை.

அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் கற்றதை யாரும் புத்தகமாக எழுதவில்லை. பழைய காரை ஆசைக்கு வாங்கிப் புதுப்பிக்கும் இளைஞர்கள் இப்போது அதிகம். பெயின்ட்டுக்கும் சீட்டுக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் பழைய பட்டறைக்குப் போய், ஃபேனை எப்படி ஆட்டிப் பார்ப்பது, துளையை ஏன் அடைக்கக்கூடாது, எந்த ஊர்த் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று கேட்டு எழுதிவைத்தால் நல்லது. சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.